ஆள் இல்லை என்று யார் சொல்வது? பழைய கணினிகளில் ஸ்கிரீன் சேவர் மற்ற நிரல்களோடு மோதியது ஏன்

ஸ்கிரீன் சேவர் என்பது, கணினியைச் சற்று நேரம் யாரும் தொடாவிட்டால் திரையை மறைத்து வரும் நிரல். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருபவை சிறகு முளைத்துப் பறக்கும் டோஸ்டர்களும், கருந்திரையில் கிளைத்து வளரும் வண்ணக் குழாய்களும்தான். பழைய கணினிகளைப் பராமரித்தவர்களுக்கு அந்தப் பெயர் வேறு சிலவற்றையும் நினைவூட்டும். சற்று எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தால் வரைபடம் சிதைந்து கிடக்கும். பாதி எழுதிய சிடி பாழாகியிருக்கும். ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தில் திரை திடீரென்று இருண்டுவிடும். வீடியோ ஓடிக்கொண்டிருந்த இடத்தில் வெறும் நீலக் கட்டம் நிற்கும். கணினி பழசாகிவிட்டது, நினைவகம் போதவில்லை என்று சொல்லி இவற்றைக் கடந்துவிடுவது வழக்கம். அந்தப் பதில் பெரும்பாலும் தவறு. போதுமான நினைவகம் உள்ள புத்தம் புதிய கணினியிலும் இதே கோளாறுகள் வந்தன. அவற்றின் வேர் இரண்டு கேள்விகளில் இருக்கிறது. கணினி முன்னால் ஆள் இல்லை என்று முடிவு செய்வது யார்? ஒரு நிரலிடமிருந்து திரையை வாங்கியவர், வாங்கிய நிலையிலேயே அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு யார் பொறுப்பு? தொடக்கக் காலக் கணினிகளில் இரண்டுக்குமே பதில் இல்லை. ஒவ்வொரு நிரலும் தனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்லிக்கொண்டது.

தேவை என்னவோ உண்மையானதுதான். பழைய படக்குழாய் மானிட்டர்களின் கண்ணாடிக்கு உட்புறம் பாஸ்பர் பூச்சு இருக்கும். எலக்ட்ரான் கற்றை படும் இடம் ஒளிரும். ஒரே எழுத்து, ஒரே கோடு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் சீக்கிரம் தேய்ந்து, மானிட்டரை அணைத்த பிறகும் நிழல்போலத் தெரியும். ஐபிஎம் பிசியோடு விற்ற 5151 என்ற பச்சை நிற மானிட்டரின் பூச்சு, ஒளியை அதிக நேரம் தாங்கி நிற்கும் வகையைச் சேர்ந்தது. நாள் முழுவதும் ஒரே கணக்குத் தாளைத் திறந்து வைத்திருந்த அலுவலகங்களில் அந்த மானிட்டர்களில் தழும்பு விழுந்தது. ஜான் சோச்சா என்ற நிரலாளர் 1983 டிசம்பரில் 'சாஃப்டாக்' இதழில் ஒரு சின்ன நிரலை வெளியிட்டார். பெயர் 'ஸ்க்ரன்சேவ்'. மூன்று நிமிடம் விசை எதுவும் அழுத்தப்படாவிட்டால் திரையைக் கருமையாக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. பின்னாளில் கோப்புகளைக் கையாளும் நார்ட்டன் கமாண்டர் நிரலை எழுதியவரும் இவரே.

இதற்கும் முன்பே, 1979இல் வெளிவந்த அடாரி 400, 800 வீட்டுக் கணினிகளில் இந்த ஏற்பாடு இயங்குதளத்துக்குள்ளேயே இருந்தது. சுமார் ஒன்பது நிமிடம் விசை எதுவும் அழுத்தப்படாவிட்டால் திரையின் நிறங்கள் தாமாகவே மாறத் தொடங்கும். மோதலும் அன்றே தொடங்கிவிட்டது. அடாரியில் விளையாடுபவர்களின் கை ஜாய்ஸ்டிக்கில் இருக்கும். விசைப்பலகையை யாரும் தொட மாட்டார்கள். மும்முரமாக ஆடிக்கொண்டிருப்பவரை "ஆள் இல்லை" என்று கணினி முடிவு கட்டி நிறத்தை மாற்றியது. ஆகவே விளையாட்டு எழுதுபவர்கள், நினைவகத்தின் 77ஆம் இடத்தில் அவ்வப்போது பூஜ்ஜியம் எழுதி அந்தக் கடிகாரத்தை முதலிலிருந்து ஓடவிட வேண்டியிருந்தது. எழுத மறந்தவர்களின் விளையாட்டில் நிறம் மாறியது. இருபது ஆண்டு கழித்து விண்டோஸ் 98இலும் ஜாய்ஸ்டிக் அசைவு பயனரின் அசைவாகக் கணக்கில் வரவில்லை. அதே கோளாறு மறுபடியும் வந்தது.

டாஸ் காலம்: எல்லோரும் முதலாளிகள்

ஐபிஎம் பிசிகளில் விண்டோஸுக்கு முன்பு ஓடிய டாஸ் இயங்குதளத்தில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். ஸ்கிரீன் சேவர் மட்டும் எப்படிப் பின்னணியில் காத்திருந்தது? நினைவகத்தில் தங்கிவிடும் நிரல் என்ற வகை அது. முதலில் ஓடி, தன்னை நினைவகத்தின் ஒரு மூலையில் இருத்திக்கொண்டு, இரண்டு மணியோசைகளைத் தன் பக்கம் திருப்பிவிடும். ஒன்று, விசை அழுத்தப்படும்போதெல்லாம் எழும் 9ஆம் எண் இன்டரப்ட், அதாவது செயலியை உடனே கவனிக்கச் சொல்லும் அழைப்பு. மற்றொன்று, வினாடிக்குச் சுமார் 18.2 முறை துடிக்கும் டைமர். ஒவ்வொரு துடிப்புக்கும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். விசை அழுத்தப்பட்டால் எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்கும். மூன்று நிமிடம் என்பது ஏறத்தாழ 3,276 துடிப்பு. அந்த எண் வந்ததும் திரையை அணைக்கும்.

இந்த ஏற்பாடு முழுவதும் மற்ற நிரல்களின் நன்னடத்தையை நம்பி நின்றது. 9ஆம் இன்டரப்டைக் கைப்பற்றும் நிரல், தன் வேலை முடிந்ததும் தனக்கு முன்பு அங்கே இருந்தவரை அழைக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். விளையாட்டுகள் அதை மதிக்கவில்லை. இரண்டு மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அழுத்துவதைக் கவனிக்க வேண்டும், தாமதமே கூடாது என்பதால் அவை விசைப்பலகையை நேரடியாகப் படித்துக்கொண்டு, முன்னவரை அழைக்காமலேயே விட்டுவிடும். ஸ்கிரீன் சேவருக்கு விசை ஒலியே கேட்காது. டைமர் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். விரல் வலிக்க ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டதற்குக் காரணம் இதுதான். இன்னும் மோசம், இருண்ட திரையை எழுப்புவதற்கும் விசை ஒலிதான் வர வேண்டும். அது வரவே வராது. கணினியை மறுபடி இயக்குவதைத் தவிர வழி இருக்காது. இசைக்காக டைமரின் வேகத்தைக் கூட்டிய விளையாட்டுகளும் உண்டு. கூட்டிய துடிப்பைப் பழைய கணக்குக்குப் பிரித்துக் கொடுக்காமல் அப்படியே முன்னவரிடம் தள்ளிவிட்டால், மூன்று நிமிடம் சில வினாடிகளில் முடிந்துவிடும்.

இதெல்லாம் "ஆள் இல்லை" என்ற முதல் கேள்வியின் பக்கம். திரையைத் திருப்பிக் கொடுப்பது என்ற இரண்டாவது கேள்வியில்தான் எனக்குப் பெரிய அக்கறை. அதற்குச் சரியான எடுத்துக்காட்டு, கணினியிலிருந்து மானிட்டருக்குப் படம் அனுப்பும் ஹெர்குலிஸ் கார்டு. தன் ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்துகளில் ஐபிஎம் பிசியில் எழுத விரும்பிய வான் சுவன்னுகுல் 1982இல் உருவாக்கியது அது. ஒற்றை நிற மானிட்டரிலேயே 720க்கு 348 புள்ளிகளில் படம் காட்டியது. லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத் தாள் நிரல் அதில் வரைபடம் காட்டும் என்பதால் அலுவலகங்களில் மளமளவென்று பரவியது.

இப்போது ஸ்கிரீன் சேவர் என்ன செய்யும் என்று உற்றுப் பார்ப்போம். ஒற்றை நிறக் கார்டுகளில் திரையை அணைக்கவும் எரியவிடவும் 3பி8 என்ற போர்ட், அதாவது கார்டுக்குக் கட்டளை எழுதும் வாயில், இருக்கிறது. பதினாறடிமான எண்ணில் 29 எழுதினால் திரை எரியும். 21 எழுதினால் அணையும். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட், அதாவது எரிந்தோ அணைந்தோ இருக்கும் ஒரு குறி. தொல்லை எங்கே வருகிறது என்றால், இந்தப் போர்ட்டில் எழுத மட்டுமே முடியும், படிக்க முடியாது. இப்போது அதில் என்ன இருக்கிறது என்று கார்டிடம் கேட்டால் பதில் வராது. ஆகவே கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலான ஐபிஎம்மின் பயாஸ், கடைசியாக எழுதிய மதிப்பின் நகல் ஒன்றை நினைவகத்தில் 40:65 என்ற முகவரியில் வைத்துக்கொண்டது. ஸ்கிரீன் சேவர் திரையை மறுபடி எரியவிடும்போது அந்த நகலைப் பார்த்துத்தான் எழுதும்.

ஹெர்குலிஸின் படம் காட்டும் நிலை ஐபிஎம் பயாஸுக்குத் தெரியாது. லோட்டஸ் போன்ற நிரல்கள் பயாஸைக் கேட்காமல் தாமே நேராக 3பி8இல் எழுதி அந்த நிலைக்குப் போயின. அங்கே இருக்க வேண்டிய மதிப்பு 0ஏ. பயாஸின் நகலிலோ பழைய 29தான் கிடக்கும். மூன்று நிமிடம் கழித்து ஸ்கிரீன் சேவர் திரையை அணைக்கிறது. பயனர் வந்து விசையைத் தொடுகிறார். ஸ்கிரீன் சேவர் நகலைப் பார்த்து 29 எழுதுகிறது. படம் காட்டும் பிட் அணைந்து, கார்டு எழுத்து காட்டும் நிலைக்குப் போய்விடுகிறது. ஆனால் திரையின் வரி, வரிசைக் கணக்குகளை வைத்திருக்கும் 6845 சில்லு இன்னமும் படத்துக்கான கணக்கிலேயே ஓடுகிறது. விளைவு, வரைபடத்தின் புள்ளிகளை எழுத்துகளாகப் படித்துக் காட்டும் குப்பைத் திரை. உள்ளே லோட்டஸ் எந்தச் சேதமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கெல்லாம் பத்திரமாக இருக்கும். அதைக் காட்டும் கண்ணாடிதான் குலைந்துபோயிருக்கும். பயனருக்கு அது தெரிய வழி இல்லை. பயந்துபோய்க் கணினியை அணைத்து, சேமிக்காத வேலையை இழப்பார்.

வண்ணக் கார்டிலும் இதன் சிறு வடிவம் உண்டு. அங்கே போர்ட் 3டி8. எழுத்தின் பின்னணிக்குப் பளிச்சென்ற நிறம் வேண்டும் என்று விரும்பிய நிரல்கள், எழுத்தை மினுக்கச் செய்யும் பிட்டை நேரடியாக அணைத்துவிடும். பயாஸின் நகலில் மினுக்கம் எரிந்தபடியே இருக்கும். ஸ்கிரீன் சேவர் ஒரு முறை வந்து போனால், அதுவரை அழகாக மஞ்சள் பின்னணியில் நின்ற பட்டியல் முழுவதும் கண் சிமிட்டத் தொடங்கும். பின்னால் வந்த விஜிஏ கார்டுகளில், அமைப்புகளை வைத்திருக்கும் பெரும்பாலான பதிவேடுகளைப் படிக்கவும் முடிந்தது. படத்தின் மற்ற அமைப்புகளைத் தொடாமல் திரையை மட்டும் அணைக்கத் தனி பிட்டும் கிடைத்தது. பழைய நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்ததும் இந்த வகைச் சிதைவு வெகுவாகக் குறைந்தது. வன்பொருள் வடிவமைப்பில் ஒரு சின்ன முடிவு எத்தனை பேரின் உழைப்பைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

விண்டோஸ் 3.1: கேட்டுவிட்டு வருவது

1992இல் வந்த விண்டோஸ் 3.1, ஸ்கிரீன் சேவரைத் தன் உறுப்பாக்கியது. நிரல் கோப்புதான், பெயரின் வால் மட்டும் எஸ்சிஆர் என்று மாறியிருக்கும். எத்தனை வினாடி அசைவில்லை என்று எண்ணும் பொறுப்பை விண்டோஸே ஏற்றது. நேரம் வந்ததும் முன்னால் இருக்கும் சாளரத்துக்கு "ஸ்கிரீன் சேவரைத் தொடங்கப் போகிறேன்" என்று ஒரு செய்தி போகும். அந்த நிரல் பேசாமல் அதை விண்டோஸிடமே திருப்பி விட்டால் சேவர் தொடங்கும். செய்தியை விழுங்கிக்கொண்டால் தொடங்காது. வீடியோ காட்டும் நிரல், உரைக்கான படவில்லைகளைக் காட்டும் நிரல் எல்லாம் இந்த வழியில் சேவரைத் தடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. தடுத்த நிரல் மூடப்பட்டால் தடையும் அதோடு போய்விடும், பின்னால் துப்புரவு செய்ய எதுவும் மிச்சமிருக்காது.

ஆனால் நடைமுறையில் ஓட்டைகள் இருந்தன. முன்னால் நிற்பது விண்டோஸ் நிரலாக இல்லாமல் பழைய டாஸ் நிரலாக இருந்தால் அதற்கு இந்தச் செய்தியே புரியாது. ஆகவே டாஸ் நிரல் முன்னால் இருக்கும்போது விண்டோஸ் 3.1 சேவர் வராது. கணக்கு எழுதும் டாஸ் நிரலைக் காலை முதல் மாலை வரை முழுத்திரையில் திறந்து வைத்திருந்த அலுவலகத்தில், சேவர் நிறுவியிருந்தும் மானிட்டரில் தழும்பு விழுந்தது. விண்டோஸ் 95இல் ஒவ்வொரு டாஸ் நிரலின் பண்புகளிலும் ஸ்கிரீன் சேவரை அனுமதிக்கலாமா என்று கேட்கும் ஒரு கட்டம் வந்தது. அதில் குறி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல், ஒரு நிரலில் சேவர் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்று குழம்பியவர்கள் ஏராளம்.

விண்டோஸ் 3.1இல் நிரல்கள் தாமாக மனமுவந்து வழிவிட்டால்தான் மற்ற நிரல் ஓட முடியும். நேரம் எடுத்துப் படம் வரையும் சேவர் வழிவிடாமல் உட்கார்ந்துகொண்டால், பின்னணியில் மோடம் வழியாகக் கோப்பு இறக்கிக்கொண்டிருக்கும் நிரல் பட்டினி கிடக்கும். 14,400 வேகத்து மோடத்திலிருந்து ஒரு எழுத்து வர ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. மோடத்திடமிருந்து வாங்கும் பழைய 16450 வகைத் தொடர் சில்லு ஒரே ஒரு எழுத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும். அடுத்தது வருவதற்குள் எடுத்தாக வேண்டும். 16550ஏ சில்லில் 16 எழுத்துக்கு இடம் உண்டு. சேவர் வந்த பிறகு இறக்கம் அறுந்துபோகிறது என்ற புகாருக்கு, சேவரை நிறுத்துவதோடு அந்தச் சில்லை மாற்றச் சொல்வதும் அந்நாளில் வழக்கமான அறிவுரை.

நிறங்கள் கெட்டுப்போனது இன்னொரு பெரிய தொல்லை. அந்தக் கால வீடியோ கார்டுகள் பெரும்பாலும் 256 நிறங்களை மட்டுமே ஒரே நேரத்தில் காட்டின. எந்த 256 என்பதை ஒரு பட்டியலில் எழுதிக்கொடுக்கலாம். அதில் 20 நிறங்களை விண்டோஸ் தனக்காக வைத்துக்கொள்ளும். மீதி 236ஐ முன்னால் இருக்கும் நிரல் விருப்பம்போல் நிரப்பலாம். மீன்தொட்டி காட்டும் சேவர் தனக்கு வேண்டிய நீலங்களையும் ஆரஞ்சுகளையும் பட்டியலில் எழுதிவிடும். சேவர் போனதும் விண்டோஸ் எல்லா நிரல்களுக்கும் பட்டியல் மாறிவிட்ட செய்தியை அனுப்பும். ஒழுங்காக எழுதிய நிரல் தன் நிறங்களை மறுபடி எழுதி, படத்தைப் புதிதாக வரைந்துகொள்ளும். பல நிரல்கள் அந்தச் செய்தியைப் பொருட்படுத்தவே இல்லை. அவற்றின் படத்தில் மனித முகம் பச்சையாகவும் வானம் ஊதாவாகவும் நிற்கும். சாளரத்தைச் சுருக்கி விரித்தால் சரியாகிவிடும் என்பதைப் பயனர்கள் தாமாகவே கண்டுபிடித்தார்கள். யூனிக்ஸ் கணினிகளில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோவிலும் இதே பற்றாக்குறை இதே அறிகுறியைக் காட்டியது.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் போட்டியும் உண்டு. சேவர் என்பது திரை முழுவதையும் மறைக்கும் ஒரு சாளரம், எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்ற குறியோடு. அதே குறியோடு ஒரு சின்னக் கடிகார நிரலும் இருந்தால், யார் கடைசியாக மேலே வந்தாரோ அவர்தான் மேலே. வினாடிக்கு ஒரு முறை தன்னை மேலே ஏற்றிக்கொள்ளும் கடிகாரம், மீன்தொட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு தெரியும். பின்னணியில் ஒரு நிரல் "அச்சுப்பொறியில் தாள் இல்லை" என்று பெட்டி காட்டி முன்னுரிமையைப் பிடித்துக்கொண்டால் சேவர் தன்னை மூடிக்கொள்ளும். ஆள் இல்லையென்றால் சற்று நேரத்தில் மறுபடி வரும். காலையில் வந்து பார்ப்பவருக்கு இரவெல்லாம் நடந்த இந்த ஏறி இறங்கும் ஆட்டம் தெரியாது. கணினி மெதுவாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ஒரே சுவிட்ச், இரண்டு கைகள்

முன்னால் நிற்கும் சாளரம் செய்தியை விழுங்குவது சரியான வழி என்றேன். பல நிரல்கள் அந்த வழியில் போகவில்லை. வீடியோ ஓடும் சாளரம் முன்னால் இல்லாமல் பக்கத்தில் ஓடினாலும் சேவர் வரக் கூடாது என்று நினைத்தன. விண்டோஸில் ஸ்கிரீன் சேவரையே முழுக்க நிறுத்தும் ஒரு பொது அமைப்பு இருக்கிறது. தொடங்கும்போது அதை நிறுத்தி, மூடும்போது பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் போதும் என்று எழுதினார்கள். ஒரு நிரல் மட்டும் இருந்தால் இது சரியாகத்தான் வேலை செய்யும்.

இரண்டு நிரல்களை வைத்துப் பாருங்கள். முதல் வீடியோ நிரல் தொடங்குகிறது. சேவர் இயங்கும் நிலையில் இருப்பதைக் குறித்து வைத்துக்கொண்டு நிறுத்துகிறது. அடுத்து ஒரு சிடி எழுதும் நிரல் தொடங்குகிறது. அது பார்க்கும்போது சேவர் நின்றிருக்கிறது. "நின்றிருந்தது" என்று குறித்துக்கொள்கிறது. வீடியோ முடிகிறது, முதல் நிரல் தன் குறிப்பைப் பார்த்துச் சேவரை இயக்கிவிடுகிறது. சிடி பாதியில் இருக்கும்போது சேவர் வந்துவிடுகிறது. பிறகு சிடி நிரல் மூடப்படும்போது தன் குறிப்புப்படி சேவரை நிறுத்திவிட்டுப் போகிறது. இனி அந்தக் கணினியில் சேவர் வரவே வராது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டிலும் இது எழுதப்பட்டிருந்தால் மறுபடி இயக்கினாலும் வராது. கடவுச்சொல்லோடு கூடிய சேவரை நம்பிக் கணினியைப் பூட்டாமல் எழுந்து போகிறவருக்கு இது வெறும் அழகுக் குறைபாடு அல்ல, பாதுகாப்பு ஓட்டை. நிரல் இடையில் நின்றுபோனாலும் இதே கதிதான்; திருப்பி இயக்க வேண்டியவர் உயிரோடு இல்லை. இரண்டு நிரல்களில் எதிலும் தனியாகப் பிழை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் தேறிவிடும். பலருக்கும் பொதுவான ஒரு சுவிட்சைத் தன் சொந்தச் சுவிட்சாக நினைத்ததுதான் பிழை.

இதே மனப்பான்மையின் இன்னொரு முகம் விண்டோஸ் 95, 98இல் இருந்தது. கடவுச்சொல் சேவர் ஓடும்போது கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் விசைகளால் அதைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக, "ஸ்கிரீன் சேவர் ஓடுகிறது" என்று இயங்குதளத்திடம் சொல்லும் வசதி ஒன்று வைத்தார்கள். சொன்னால் அந்த விசைகள் வேலை செய்யாது. சேவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிரல்களும் பயனரை வெளியே விடாமல் பிடித்து வைக்க இந்தப் பொய்யைச் சொல்லத் தொடங்கின. நின்றுபோன நிரலை முடிக்கப் பயனர் கையில் இருந்த கடைசிக் கருவி அந்த மூன்று விசைகள். அதையும் பிடுங்கிக்கொண்டது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

பொறுமை தேவைப்பட்ட வேலைகள்

கணினியைத் தொடாமல் விட வேண்டிய வேலைகள்தான் சேவரிடம் அதிகம் அடிபட்டன. விண்டோஸ் 95, 98இன் டிஃபிராக் கருவி வட்டைச் சீர்படுத்திக்கொண்டிருக்கும்போது வேறு யாராவது அதே வட்டில் எழுதினால், வட்டின் உள்ளடக்கம் மாறிவிட்டது என்று அறிவித்து முதலிலிருந்து தொடங்கும். சேவர் வட்டிலிருந்து ஏறி, நினைவகம் வாங்கி, நினைவகத்துக்குத் துணையாக வட்டில் இருக்கும் மாற்றுக் கோப்பில் எழுத்து விழ வைத்தால் போதும். வட்டில் பிழை தேடும் ஸ்கேன்டிஸ்க் கருவியும் இப்படிப் பத்து முறை தொடங்கிய பிறகு, மற்ற நிரல்களை மூடச் சொல்லிச் செய்தி காட்டும். இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் வந்தால் பத்து சதவீதத்தில் நிற்கும் டிஃபிராக்கைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

சிடி எழுதுவதில் நட்டம் காசாகவே போனது. நான்கு மடங்கு வேகம் என்றால் வினாடிக்கு 600 கிலோபைட். தரவைச் சற்று நேரம் பிடித்து வைக்கும், எழுதும் கருவியின் இடைத்தேக்கம் ஒரு மெகாபைட் என்றால் இரண்டு வினாடிக்கும் குறைவான கையிருப்பு. 74 நிமிட சிடி ஒன்றை அந்த வேகத்தில் எழுத ஏறக்குறைய 18 நிமிடம் ஆகும். எழுதும்போது எதையும் தொடாதீர்கள் என்று கையேடு சொல்லும். பயனரும் தொடாமல் இருப்பார். பத்தாவது நிமிடத்தில் சேவர் ஏறி வந்து செயலியைப் பிடித்துக்கொள்ளும். தேக்கம் வற்றும், லேசர் நிற்கும், வட்டு குப்பைக்குப் போகும். சொன்னபடி கேட்டவருக்குத்தான் இந்த இழப்பு. 2000ஆம் ஆண்டில் சான்யோ கொண்டுவந்த பர்ன்-புரூஃப் நுட்பம், தேக்கம் வற்றினால் எழுதுவதை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர வழி செய்த பிறகுதான் இந்தப் பயம் தீர்ந்தது.

சர்வர்களில் இதன் வடிவம் வேறு. 1994இல் வந்த விண்டோஸ் என்டி 3.5, முப்பரிமாணப் படம் வரையும் ஓபன்ஜிஎல் நுட்பத்தோடு வந்தது. குழாய்ச் சேவர் அதைக் காட்டிக்கொள்ளச் செய்ததுதான். முப்பரிமாணப் படத்துக்கென்று தனிக் கார்டு இல்லாத சர்வரில் ஒவ்வொரு குழாயையும் செயலியே கணக்குப் போட்டு வரைந்தது. யாரும் பார்க்காத பூட்டிய அறையில் குழாய் வளர, வெளியே அச்சு எடுக்கவும் கோப்பு திறக்கவும் காத்திருந்தவர்கள் காரணம் தெரியாமல் தவித்தார்கள். நிர்வாகி வந்து மவுஸைத் தொட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் இந்தக் கோளாற்றின் கொடுமை. பார்க்கப் போனால் மறைந்துவிடும்.

விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் வசதியைக் கொண்டு எழுதிய விளையாட்டுகள் திரையைத் தனியுரிமையாக எடுத்துக்கொண்டபோது, நடுவில் வந்த சேவர் அவற்றின் படங்கள் இருந்த வீடியோ நினைவகத்தைப் பறித்துக்கொண்டது. பறிபோனதை உணர்ந்து மறுபடி நிரப்பத் தெரிந்த விளையாட்டு பிழைத்தது. மற்றவை கறுப்புத் திரையோடு நின்றன. வீடியோ நிரல்களின் நீலக் கட்டத்துக்கும் காரணம் ஏறத்தாழ இதுவே. கார்டில் வீடியோவைத் திரைமேல் காட்ட ஒரே ஒரு மேலடுக்கு இருக்கும். அதை இழந்த நிரல், படம் தெரிய வேண்டிய இடத்தில் அடையாளத்துக்குப் பூசிய நிறத்தை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும்.

கேட்பவர் இருக்கும் வரைதான் கோரிக்கை

இந்தச் சிக்கலுக்கு நான் பார்த்தவரை நேர்மையான விடை யூனிக்ஸ் பக்கத்திலிருந்து வந்தது. ஜேமி சவின்ஸ்கி 1992இல் வெளியிட்ட எக்ஸ்ஸ்கிரீன்சேவரில், படம் வரையும் ஒவ்வொரு நிரலும் தனியாக ஓடும்; திரையைப் பூட்டும் நிரல் வேறு. படம் வரைவது செயலிழந்தாலும் பூட்டு அப்படியே நிற்கும். எம்பிளேயர் போன்ற வீடியோ நிரல்கள் சேவரை நிரந்தரமாக நிறுத்தச் சொல்லாமல், குறிப்பிட்ட இடைவெளியில் "ஆள் இருக்கிறார்" என்று தகவல் மட்டும் அனுப்பின. வீடியோ நிரல் செத்துப்போனால் தகவல் நின்றுவிடும், சேவர் உரிய நேரத்தில் வரும். யாரும் எதையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. பின்னர் எக்ஸ் விண்டோவின் மைய நிரலான எக்ஸ் சர்வரிலேயே சேவரை நிறுத்திவைக்கும் கோரிக்கை வந்தது. கோரியவரின் இணைப்பு அறுந்தால் கோரிக்கையும் தானாக ரத்தாகும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, கடவுச்சொல் கட்டாயம் என்று நிர்வாகி கொள்கை வகுத்திருந்தால் எந்த நிரலும் சேவரைத் தடுக்க முடியாது என்று ஆனது. திரையை எரியவைக்கக் கோரும் நிரல்கள் எவை என்று விண்டோஸ் 7இல் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் பட்டியலிட்டுப் பார்க்கவும் முடிந்தது. யார் என்ன கேட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்லும் ஒரு நடுவர் கடைசியில் வந்தார். அன்று ஹெர்குலிஸ் கார்டில் இல்லாமல்போனது இதுதான்.

பழைய இயந்திரங்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இதெல்லாம் பழங்கதை அல்ல. விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பியை நம்பி நிற்கும் கடைசல் இயந்திரங்களும் ஆய்வகக் கருவிகளும் இன்றும் இருக்கின்றன. அங்கே படம் காட்டும் சேவர் எதுவும் வேண்டாம். மானிட்டர் தட்டையான எல்சிடி என்றால் தழும்பு விழும் பாஸ்பர் பூச்சுத் திரையே இல்லை. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு மானிட்டருக்கான மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லும் அமைப்பே போதும். படக்குழாய் மானிட்டர் என்றால் வெறும் கறுப்புத் திரை சேவரை மட்டும் வைக்கலாம். அளவீடு நடக்கும் நேரத்தில் மானிட்டரின் பொத்தானைக் கையால் அணைப்பது அதைவிடப் பத்திரம். டாஸ் கணினியில் நினைவகத்தில் தங்கும் சேவரை ஒன்றுக்கு மேல் ஏற்றக் கூடாது. கடைசியில் ஏறியவருக்குத்தான் விசை ஒலி முதலில் கேட்கும் என்பதால், கணினி தொடங்கும்போது நிரல்களை ஏற்றும் ஆட்டோஎக்செக் கோப்பில் வரிசையை மாற்றிப் பார்ப்பதும் பல நேரம் பலன் தரும்.

கோளாறு சேவரால்தானா என்று சந்தேகம் இருந்தால், காத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்து, சந்தேகப்படும் நிரலை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் போதும். கறுப்புத் திரை சேவரிலேயே கோளாறு வந்தால் சிக்கல் இன்டரப்டிலோ டைமரிலோ திரையை மீட்பதிலோ இருக்கிறது. கறுப்புத் திரையில் வராமல் முப்பரிமாணச் சேவரில் மட்டும் வந்தால் வீடியோ டிரைவரையோ செயலியின் சுமையையோ பார்க்க வேண்டும். இரண்டிலும் வராமல், சில நாள் மட்டும் சேவர் காணாமல் போகிறது என்றால், அந்த நாளில் எந்த வீடியோ நிரல் முறையாக மூடப்படாமல் நின்றது என்று தேட வேண்டும்.